கடைமடையில் ஒரு சாயப் பாடம்

(கும்பகோணத்தில் நெசவாளர் குடும்பத்து மாணவர்களும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நேற்று சாயங்காலம் ஊருக்குள் வந்ததும் ஒரு நெசவாளர் வீட்டில் காபி கொடுத்தார்கள். அந்த வீட்டுப் பையன் வேதியியலில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறான். "இவனைச் சாயத் தொழில்நுட்பம் படிக்க வையுங்களேன்" என்றேன். அவன் அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. "இவங்க தாத்தா கையி நெறம் போகாமலே போய்ச் சேர்ந்துட்டாரு சார். இவனாவது வெள்ளைச் சட்டை போடட்டும்" என்றார்.

அந்த வார்த்தை ராத்திரி முழுவதும் என்னைத் தூங்கவிடவில்லை. அவர் சொன்னதில் பொய் இல்லை. கையுறை இல்லாமல் கொதிக்கிற தொட்டியில் நூலைப் புரட்டி, அமில ஆவியைக் குடித்து, அறுபது வயதில் இருமிக்கொண்டே செத்த சாயக்காரர்களை நானும் பார்த்திருக்கிறேன். என் அப்பாவும் அப்படி ஒரு சாயக்காரர்தான். ஆனால் அவர்களைக் கெடுத்தது சாயம் என்று நான் நினைக்கவில்லை. படிப்பு இல்லாமல் சாயத்தோடு பழக வேண்டி வந்ததுதான் கெடுத்தது. அதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் நம் ஊர்ப் பக்கத்துச் சங்கதி. இங்கிருந்து அணைக்கரை வழியாகப் போனால் கொள்ளிடத்தின் வடகரையில் கோடாலிக் கருப்பூர் என்று ஓர் ஊர். தஞ்சை மராட்டிய அரசக் குடும்பத்துக்கென்றே அங்கே சேலை நெய்தார்கள். பருத்தி நூலோடு சரிகையைச் சேர்த்து நெய்து, அதன்மேல் கையால் தீட்டிச் சாயமேற்றுவார்கள். அடர்ந்த சிவப்புக்குள்ளிருந்து தங்கம் மின்னும். 1855இல் கடைசி மன்னர் சிவாஜி காலமானார். கம்பெனி அரசு தஞ்சையை எடுத்துக்கொண்டது. வாங்க ஆள் இல்லாமல் அந்தச் சேலை நின்றுபோயிற்று. இன்று அதைப் பார்க்க வேண்டுமென்றால் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். அந்தக் கைவேலையின் ஒரு கிளை மட்டும் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கருப்பூரிலும் கோயில் தொம்பைகளாகவும் விதானங்களாகவும் பிழைத்துக் கிடக்கிறது. 2021இல் கருப்பூர் கலம்காரி ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு நம் திருபுவனம் பட்டுக்குக் கிடைத்தது.

அந்தப் பழைய சிவப்பு எப்படி வந்தது என்று பாருங்கள். வெள்ளைத் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு நூலுக்குள் இறங்கும். பாலின் கொழுப்பு, மேலே தீட்டும் நீர் பரவாமல் பிடித்துக்கொள்ளும். வெல்லத் தண்ணீரில் இரும்பைப் பல நாள் ஊறவைத்தால் ஒரு புளித்த நீர் கிடைக்கும். மூங்கில் எழுதுகோலில் அதைத் தொட்டுக் கோடு இழுத்தால், கடுக்காய் ஏறிய துணியில் கோடு உடனே கறுக்கும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீரைத் தீட்டுவார்கள். தீட்டிய இடத்தில் அப்போது சிவப்பின் சாயலே இருக்காது. பிறகு ஓடுகிற ஆற்றில் அலசி, மிச்சப் படிகாரத்தைப் போக்கிவிட்டு, சாயவேர் போட்ட கொப்பரையில் வேகவைப்பார்கள். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு எழுந்து வரும். மற்ற இடத்தில் ஏறிய லேசான நிறம், சாணத் தண்ணீரில் நனைத்து ஆற்று மணலில் வெயிலில் விரித்துப் போட்டால் வெளுத்துவிடும்.

சாயவேர் என்றால் இம்பூறல். கடற்கரை மணலில் படர்ந்து கிடக்கும் சின்னச் செடி. அதன் வேருக்காக மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் டச்சுக்காரர்கள் அதைத் தோண்டும் தொழிலையே தங்கள் பிடிக்குள் வைத்திருந்தார்கள். இந்தச் சிவப்பின் ரகசியம் தெரியாமல் ஐரோப்பா தவித்தது. 1742இல் கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தம் நாட்டுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். நம் சாயக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு, படிப்படியாக முறையை எழுதி அனுப்பினார். நம் சாயக்காரருக்கு எழுத்தில் ஒரு பாடநூல் இல்லை. அவருடைய பாடத்தை முதலில் எழுதிவைத்தவர்களில் ஒருவர் வெளியூர்க்காரர். அதன் விலையை நாம் பின்னால் கொடுத்தோம். 1856இல் லண்டனில் பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தான். 1868இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் இருவர், சாயவேருக்குள் இருக்கும் அதே சிவப்பை, அலிசரினை, ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார்கள். 1897இல் செயற்கை அவுரி விற்பனைக்கு வந்தது. ஏறத்தாழ நாற்பது வருஷத்தில் ஆயிரம் வருஷத்து வேர்களும் இலைகளும் கடை கட்டின. நம் சாயக்காரருக்குக் கையில் செயற்கைச் சாயப் பொட்டலம் வந்தது. பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்ற அறிவு வரவில்லை. அன்று விழுந்த இடைவெளி இன்னும் மூடவில்லை.

இப்போது ஒரு கேள்வி. திருபுவனத்துப் பெரியவர்கள், "காவிரித் தண்ணியில சாயம் போட்டாத்தான் பட்டு மினுங்கும்" என்பார்கள். மூடநம்பிக்கையா? இல்லை. நல்ல வேதியியல். கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு செரிசின் என்கிற பசை. சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்து அதை நீக்கினால்தான் பட்டுக்குப் பளபளப்பு வரும். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து மிகுந்தால் சோப்பு திரிந்து, மெழுகு மாதிரி நூலில் படியும். ஆற்று நீர் மென்மையானது. அதில் சோப்பு நுரைக்கும், பசை சுத்தமாகக் கழலும். ஆனால் அலிசரின் சிவப்புக்கு விஷயம் தலைகீழ். அது படிகாரத்தோடு கெட்டிப்படத் தண்ணீரில் கொஞ்சம் சுண்ணாம்பு வேண்டும். ஒரு சாயத்துக்கு மருந்தாகும் தண்ணீர் இன்னொன்றுக்கு விஷம். சாயம் படிப்பது என்றால் முதலில் தண்ணீரைப் படிப்பது. இந்த ஒரு வரியை நீங்கள் வீட்டுக்கு எடுத்துப் போனால் போதும்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை, பட்டுத்தான் கற்றேன். படித்து முடித்து இரண்டாவது வருஷம், மேற்கு மாவட்டத்தில் ஓர் ஆலையில் ராத்திரி ஷிஃப்ட் எனக்கு. முந்நூறு கிலோ பின்னல் துணி, கரும்நீலம். லேபில் ஷேடு சரியாக இருந்தது. இயந்திரத்திலிருந்து இறக்கிப் பார்த்தால் துணியெங்கும் வெள்ளைத் தூள் தூவின மாதிரி திட்டு. சாயத்தைச் சோதித்தேன், உப்பைச் சோதித்தேன், வெப்பநிலைப் பதிவைப் பார்த்தேன். எல்லாம் சரி. விடியற்காலை நாலு மணிக்கு, தொட்டி கழுவுகிற பெரியவர் ஒருவர் வந்து குழாய்த் தண்ணீரைக் கையில் ஏந்தி, துணி சோப்பை உரசினார். நுரை வரவில்லை. "தம்பி, நேத்து பழைய போர் வத்திப்போச்சுன்னு பக்கத்து போர்லேர்ந்து தண்ணி விட்டாங்க" என்றார். அந்தத் தண்ணீரின் சுண்ணாம்பு, நான் போட்ட சோடாவோடு சேர்ந்து துணியில் வெள்ளையாய்ப் படிந்திருந்தது. ஐந்து நிமிஷச் சோதனை. நான் செய்யவில்லை. முந்நூறு கிலோ துணியைத் திரும்பவும் அலசி, திரும்பவும் சாயமேற்ற வேண்டி வந்தது. அந்தப் பெரியவருக்குப் பெயர் ஹெல்பர். எனக்குப் பெயர் சூப்பர்வைசர். அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் முதலில் தண்ணீரைத்தான் கேட்பேன்.

அந்த முந்நூறு கிலோவுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. விவசாயமும் பார்க்கும் பெற்றோர்கள் கவனித்துக் கேளுங்கள். பருத்திக்கு இப்போது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம்தான். 1956இல் வந்தது. நூலோடு வேதிப்பிணைப்பு போட்டுக்கொள்வதால் துவைத்தாலும் எளிதில் போகாது. ஆனால் சாயத்தைத் தண்ணீரிலிருந்து நூலை நோக்கித் தள்ள உப்பு வேண்டும். ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர் என்று வைத்தால், முந்நூறு கிலோவுக்கு 2,400 லிட்டர். கரும்நீலத்துக்கு லிட்டருக்கு 70 கிராம் உப்பு என்றால் மொத்தம் 168 கிலோ. மூன்று மூட்டைக்கு மேல். இந்த உப்பில் துணியோடு தங்குவது எதுவும் இல்லை. சாயத்தை உள்ளே தள்ளிவிட்டு அப்படியே தண்ணீரில் வெளியே வருகிறது. அது எங்கே போகும்?

போன இடம் நமக்குத் தெரியும். திருப்பூர்ச் சாயத் தண்ணீர் நொய்யலில் போயிற்று. 1992இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் தேக்கமாகிவிட்டது. அந்தப் பக்கத்து விவசாயிகள் அணையில் தண்ணீர் நிற்க வேண்டாம் என்று போராடினார்கள். பாசனத்துக்குக் கட்டிய அணையை விவசாயியே வேண்டாம் என்று சொன்ன துயரத்தை வேறெங்கே கேட்டிருக்கிறீர்கள்? நீதிமன்றத்தில் வழக்கு பல வருஷம் நடந்தது. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய ஆலைகளை மூடச் சொன்னது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்று உறுதி செய்தால்தான் திறக்கலாம் என்ற நிலை. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. ஊரே நின்றது.

நொய்யல் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. அமராவதியும் கரூருக்குக் கீழே காவிரியில்தான் சேருகிறது. பவானி, ஈரோடு, குமாரபாளையம் எல்லாம் காவிரிக் கரை ஊர்கள், சாய ஊர்கள். அந்தத் தண்ணீர்தான் கல்லணைக்கு வந்து, வெண்ணாறாய், வெட்டாறாய், அரசலாறாய்ப் பிரிந்து நம் நாற்றங்காலுக்கு வருகிறது. மேலே உப்பு போட்டவனுக்குக் கீழே என்ன விளைந்தது என்று தெரியாது. கடைமடைக்காரனுக்குத் தெரியும். குறுவைப் பயிர் நுனி கருகினால் அவன் முதலில் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பான். அதனால் சொல்கிறேன்: நல்ல சாயக்காரனாவதற்கு இந்த நாட்டிலேயே அதிக நியாயம் உள்ளவன் கடைமடை விவசாயியின் பிள்ளை. தான் திறந்துவிடும் தண்ணீர் யார் வயலுக்குப் போகும் என்று கண்ணால் கண்டவன் அவன்.

இதைச் சொன்னால், "டெல்டாவுக்குச் சாய ஆலையைக் கொண்டு வரச் சொல்கிறாரா?" என்று கேட்பார்கள். இல்லவே இல்லை. 1998இலேயே காவிரி உள்ளிட்ட ஆறுகளிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் கடுமையாக மாசுபடுத்தும் புதுத் தொழில்கள் கூடாது என்று அரசாணை வந்தது. நம் பக்கத்தில் ஆற்றுக்கு ஐந்து கிலோமீட்டர் தள்ளி இடம் தேடினால் இன்னோர் ஆறு குறுக்கே வரும். 2020இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமும் ஆயிற்று. பெரிய ஆலை இங்கே வேண்டாம். ஆள் இங்கிருந்து போகட்டும். நம் பட்டுக்கு வேண்டிய சின்னச் சாயக்கூடங்கள் மட்டும் சுத்தமாக நடக்கட்டும்.

சரி, எங்கே படிப்பது? சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 1960இலிருந்து நடக்கிறது. மூன்று வருஷ டிப்ளமோவில் நெசவும் சாயமும் சேர்த்துச் சொல்லித்தருகிறார்கள். அது முடித்தால் மேலே பி.டெக். போகலாம். நான் போன வழி அது. நேராகப் பொறியியல் போக விரும்பினால் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கோயம்புத்தூரில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடங்களில் ஜவுளித் தொழில்நுட்பம் உண்டு. ஏற்கெனவே சாயம் போடுகிறவர்கள் சேலம், காஞ்சிபுரம் நெசவாளர் சேவை மையங்களில் குறுகிய காலப் பயிற்சி பெறலாம். மையத்தில் சாய ஆய்வுக்கூடமே இருக்கிறது. சாயச் சீட்டைக் கொண்டுபோய்க் கேட்டாலே விளக்கம் சொல்வார்கள். நம் சாயக்காரர்களில் எத்தனை பேர் அந்த வாசலை மிதித்திருக்கிறார்கள் என்பது என் ஆதங்கம்.

இந்தப் படிப்பில் நம்மவர் சாதித்ததும் உண்டு. மும்பையில் 1933இல் பல்கலைக்கழகத்தின் வேதித் தொழில்நுட்பத் துறை தொடங்கியபோது முதலில் வைத்த பாடங்களில் ஒன்று ஜவுளி வேதியியல். அங்கே இயக்குநரான முதல் இந்தியர் கே. வெங்கட்ராமன். சென்னையில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் படித்தவர். செயற்கைச் சாயங்களின் வேதியியல் பற்றி அவர் எழுதவும் தொகுக்கவும் செய்த பெருநூலின் முதல் தொகுதி 1952இல் வந்தது. உலகம் முழுக்கச் சாய வேதியியல் படிப்பவர்கள் அதைப் புரட்டினார்கள். பிறகு புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநரும் அவர்தான். சாயத்தின் பெரும் பாடநூலை எழுதியவர் நம்மவர் என்று எந்தப் பள்ளிப் பிள்ளைக்காவது தெரியுமா?

நேற்றைய அம்மாவுக்கு ஒரு செய்தி. இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு நகரத்தில் 1884இல் சாயக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். 1963இல் அதற்கு அரச சாசனம் கிடைத்தது. தேர்வும் அனுபவமும் உள்ளவருக்கு அது பட்டய நிறவியலாளர் என்ற தகுதி கொடுக்கிறது, பட்டயக் கணக்காளர் மாதிரி. உலகத்துச் சாயங்களுக்கெல்லாம் எண் கொடுத்து வைத்திருக்கும் பெரிய அட்டவணையும் அந்தச் சங்கத்தின் வேலைதான். இந்தியாவிலும் அதற்குக் கிளை இருக்கிறது. சாயக்காரருக்கு வெள்ளைச் சட்டை இருக்கிறது, அம்மா. அது லேப் கோட்டு.

அந்த லேபில் முதல் நாள் என்ன வேலை? ஐந்து கிராம் துணியை எடைபோட்டு வெட்டுவாய். நூறு மில்லிக்கு ஒரு கிராம் சாயம் கரைத்த கரைசல் இருக்கும். துணியின் எடையில் இரண்டு சதம் சாயம் வேண்டுமென்றால், பிப்பெட்டில் பத்து மில்லி எடுப்பாய். ஒரு மில்லி கூடினால் ஷேடு ஓடிவிடும். வெந்த துணியை அலசிக் காயவைத்து, பகல் வெளிச்சத்துக்குச் சமமான விளக்குப் பெட்டிக்குள் வைத்து, வாங்குபவர் அனுப்பிய துண்டோடு ஒப்பிடுவாய். அதே துணியைக் கடை டியூப்லைட்டில் வைத்தால் வேறு நிறமாய்த் தெரியும். கல்யாணச் சேலை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வெளிச்சம் பார்க்க ஓடுகிற நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த பாடம் இது. இங்கே தொடங்கி ஷேடு பொருத்துபவர், டையிங் மாஸ்டர், புராசஸிங் மேனேஜர் என்று மேலே போகலாம். சாயம் தயாரிக்கும் கம்பெனிகளில் தொழில்நுட்ப ஆலோசகராகப் போகலாம். சாயம் போகாமல் நிற்கிறதா என்று சோதிக்கும் ஆய்வகங்கள் இருக்கின்றன. தடைசெய்த சாயம் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதே ஒரு தனி வேலை. புற்றுநோய் உண்டாக்கும் அமீன்களாகச் சிதையக்கூடிய அசோ சாயங்களை 1997இல் இந்தியா தடை செய்தது.

நான் இவை எல்லாவற்றையும்விட மேலாக நினைக்கும் வேலை ஒன்று உண்டு. சுத்திகரிப்பு நிலையம். 2011க்குப் பிறகு திருப்பூரில் சவ்வு வழியாகத் தண்ணீரை வடிகட்டி, மிச்சத்தை ஆவியாக்கி, உப்பைக் கூடத் திரும்ப எடுத்து அதே ஆலைக்குக் கொடுக்கிறார்கள். அதை இயக்க நுண்ணுயிரியும் தெரிய வேண்டும், வேதியியலும் தெரிய வேண்டும், இயந்திரமும் தெரிய வேண்டும். பயிற்சி இல்லாத கூலியாளைக் கழிவுத் தொட்டிக்குள் இறக்கி, விஷவாயு தாக்கி உயிர் போன செய்திகளைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அந்தத் தொட்டியின் பக்கத்தில் படித்த ஒருவர் நின்று, "இறங்காதே" என்று சொல்லியிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள். அந்தச் சொல்லைச் சொல்லும் அதிகாரம் படிப்பால் வருவது.

இன்னொன்று. சேருவதற்கு முன் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத குறை ஆண்களில் நூற்றுக்குச் சிலருக்குப் பிறவியிலேயே உண்டு, அவர்களில் பலருக்கே அது தெரியாது. பெண்களில் அது மிக மிக அரிது. நிறம் பார்க்க இயற்கையே தகுதி கொடுத்த பெண்களை நாம் சாயக்கூடத்தின் வாசலிலேயே நிறுத்திவைத்திருக்கிறோம். தார் போடவும் நூல் இழைக்கவும் விட்டோம், ஷேடு பார்க்க விடவில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கும்பகோணத்தைப் பாருங்கள். 1854இல் தொடங்கிய அரசு கலைக் கல்லூரி இங்கே இருக்கிறது, வேதியியல் துறையோடு. நிறமும் கோடும் சொல்லித்தரும் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. ஏழெட்டுக் கிலோமீட்டரில் திருபுவனத்தில் கூட்டுறவுச் சங்கமும் சாயக்கூடங்களும் இருக்கின்றன. வேதியியல் படிக்கிற பிள்ளை சாயத்தொட்டியைப் பார்த்ததில்லை. தொட்டியில் நிற்பவருக்குத் தண்ணீரின் காரத்தன்மையை அளக்கும் தாள் எது என்று தெரியாது. மூன்று வாசலுக்கும் நடுவில் ஒரு பாதை போட்டால் போதும். கல்லூரி ஆசிரியர்கள் ஒரு பருவத்துக்கு ஒரு முறை மாணவர்களைச் சாயக்கூடத்துக்கு அழைத்துப் போங்கள். சங்கத்துப் பெரியவர்கள், உங்கள் சாயக்காரர்களுக்குக் கையுறையும் கண்ணாடியும் கொடுங்கள், கழிவுநீருக்குக் கணக்கெழுதுங்கள். இரண்டுக்கும் பெரிய பணம் வேண்டியதில்லை.

பிள்ளைகளே, நாளைக் காலை ஆறரை மணிக்குத் திருபுவனத்தில் என் பழைய நண்பர் ஒருவரின் கூடத்தில் அரக்குச் சிவப்புக்கு நூல் வேகப்போகிறது. வர விருப்பமுள்ளவர்கள் வாருங்கள், பெண் பிள்ளைகள் கட்டாயம் வாருங்கள். வரும்போது ஆளுக்கொரு பாட்டிலில் உங்கள் வீட்டுத் தண்ணீர் கொண்டுவாருங்கள். நான் சோப்பு கொண்டுவருகிறேன்.